பொன்னாடை வேண்டாம், பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில், மிஞ்சிய உணவையும் மளிகையையும் திரட்டி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஓர் உணவு வங்கி நடக்கிறது. மாதா மாதம் அங்கே போகிற அரிசி, பருப்பு, எண்ணெயில் ஒரு பங்கு என் கடையிலிருந்து கொள்முதல் விலைக்குப் போகிறது. சரக்கு இறக்கப் போகும்போதெல்லாம் அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். அவர்களுக்காகத்தான் இந்த மடல். எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "எங்களுக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, "சரி, எழுதுறதா இருந்தா எங்க வேலைக்கு ஆகுற மாதிரி ஏதாவது கேளுங்க" என்றார்கள்.

எனவே கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் உணவு வங்கிகளில் ஒரு பைசா வாங்காமல் உழைக்கிறவர்களின் பெயர்களை மாவட்ட நிர்வாகம் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்டவருக்கு உங்கள் அலுவலகத்தின் அடையாள அட்டையும், முறையான பயிற்சியும், ஒரு காப்பீடும் கிடைக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் அந்தப் பெயர்களை நாலு பேர் கேட்கப் படிக்க வேண்டும். பொன்னாடையும் கேடயமும் வேண்டியதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு நற்பணிக்கு ஆண்டு விழா என்றால் மேடையில் முதல் வரிசையில் நிதி கொடுத்தவர்கள் இருப்பார்கள். அப்புறம் இடம் கொடுத்தவர்கள், மூட்டை கொடுத்தவர்கள். என்னையும் அப்படிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். கொடுத்தவர்களைக் கொண்டாடுவதில் தப்பே இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் உலை வைக்க முடியாது. ஆனால் அதே விழாவில் பின்பக்கம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த அக்காவையும், எல்லாரும் போன பிறகு அண்டா தேய்த்துக் கவிழ்த்த பெண்களையும் யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. அழைப்பிதழில் "மற்றும் தன்னார்வலர்கள்" என்று ஒரு வரி இருந்தது. வருடம் பூராவும் அந்த இடத்தை ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான்.

அரசு மேடையிலும் அவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றி முடித்ததும், நன்றாகப் பணியாற்றிய அரசு ஊழியர்களுக்கு ஆட்சியர் கையால் நற்சான்றிதழ் கொடுப்பது எல்லா மாவட்டங்களிலும் உள்ள நல்ல வழக்கம். பெயரையும் பதவியையும் ஒலிபெருக்கியில் படிப்பார்கள், குடும்பமே வந்து உட்கார்ந்திருக்கும். அங்கே ஒவ்வொரு பெயரையும் அவரவர் துறை அனுப்புகிறது. உணவு வங்கியில் அரிசி புடைக்கிறவருக்குத் துறை இல்லை, பதவி இல்லை. அதனால் அவர் பெயரை அனுப்ப ஆளும் இல்லை.

"என்ன பெரிய வேலை, சோறு ஆக்கிக் கொடுக்கிறதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதனால் அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

உணவு வங்கிக்கு வரும் அரிசி ஒரே மாதிரி வராது. என் கடையிலிருந்து போவது தரம் பார்த்துக் கட்டிய மூட்டை. வீடுகளிலிருந்து வருவதில் எல்லாம் கலந்திருக்கும். விசேஷத்துக்கு வாங்கி மிஞ்சியது, பரணில் கிடந்து வண்டு விழுந்தது, கல் அதிகம் என்று ஒதுக்கி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து, அந்த அரிசியைப் பரப்பிவிட்டு, ஐந்தாறு பெண்கள் முறத்தோடு உட்காருவார்கள். வெயில் ஏற ஏற வண்டு தானாக வெளியே ஓடிவிடும். கல்லும் நொய்யும் ஓடாது, புடைத்துத்தான் எடுக்க வேண்டும். அவர்களில் ஒருவர் வண்டிப்பாளையம் பக்கம் இட்லிக் கடை போடுகிறவர். விடியும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டுகிறவர், மற்றவர்கள் படுத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் இங்கே வந்து உட்காருகிறார். முறத்தைச் சாய்த்து அவர் ஒரு தட்டுத் தட்டி ஒரு சுழற்றுச் சுழற்றினால் தூசு பறந்துவிடும், நொய் தனியாக நிற்கும், கல் ஓரத்துக்கு வரும். அரிசி வியாபாரத்திலேயே இத்தனை காலம் இருக்கிற எனக்கு அந்தக் கை வராது.

ஒருமுறை அரிசி கொண்டுவந்து கொடுத்த ஒருவர் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, "சும்மா கொடுக்கிறதுக்கு இவ்வளவு பாக்கணுமாம்மா?" என்று கேட்டார். அந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "நம்ம வீட்டு உலையில போடுற மாதிரி இருந்தாத்தாங்க நான் பையில கட்டுவேன்" என்றார். அந்தப் பை வயதான தம்பதி ஒருவரின் வீட்டுக்குப் போகும். அல்லது புருஷன் போன பிறகு தையல் மெஷினை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற ஒருத்தி வீட்டுக்கு. அவர்கள் அரிசியைக் களையும்போது கையில் கல் நெருடக் கூடாது என்பதற்காக ஒரு பெண் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறார். இதற்கு எந்த மேடையிலும் பெயர் வாசிக்கப்படுவதில்லை.

அடுத்தது முகூர்த்த நாட்களின் ராத்திரி வேலை. பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து ஃபோன் வரும். "சாம்பார் சாதம் ரெண்டு அண்டா மிஞ்சிப்போச்சு, எடுத்துக்கிறீங்களா?" ஒரு ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரியில் படிக்கிற இரண்டு பையன்களும் உடனே கிளம்புவார்கள். மண்டபத்துக்குள் போனதும் அவர்கள் கரண்டியைத் தொடுவதற்கு முன்பு கேள்விதான் கேட்பார்கள். எத்தனை மணிக்கு இறக்கினது? தேங்காய் அரைத்து விட்டதா? கொதிக்கக் கொதிக்க மூடி வைத்தீர்களா, ஆற விட்டீர்களா? சூட்டோடு இறுக மூடிய சோறு வியர்த்துத் தண்ணீர் விட்டுவிடும். நசநசவென்று ஆனால் சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காய் சேர்ந்த கூட்டும் குருமாவும் அதற்கு முன்பே போய்விடும். புளிசாதம் கொஞ்சம் தாங்கும். இதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இங்கே சாப்பிடப் போவது முகம் தெரியாத நூறு பேர். அதனால் மோப்பம் பிடித்துப் பார்ப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வதில்லை.

சமைத்த உணவு ஒன்று 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்குக் கொண்டாட்டம். சோற்றில் பேசிலஸ் செரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நச்சை விட்டுவிடும், அப்புறம் திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. வாசனையில் தெரிந்துதான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. "சுட வைச்சுக் கொடுத்தா சரியாயிடும்" என்கிற பேச்சை அந்தப் பையன்கள் ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பல நாள் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். என் கணக்கில் இந்த வேலையிலேயே கடினமான பகுதி இதுதான். கொடுக்க வந்தவருக்குக் கோபம் வரும். "எத்தனை பேர் பட்டினி கிடக்கிறான், உங்களுக்கு இது இளக்காரமாப் போச்சா?" என்பார். ஒரு தடவை நானும் கூட இருந்தேன். அந்த ஆட்டோக்காரத் தம்பி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அண்ணே, நாங்க கொண்டுபோறது ஆஸ்பத்திரி வாசலுக்கு. ஏற்கெனவே ஒருத்தருக்கு முடியலன்னுதான் அங்க வந்திருக்காங்க. இவங்களுக்கும் வயித்தால போச்சுன்னா யாருண்ணே பாக்குறது?" சோறு வீணாவதைப் பார்க்க யாருக்கும் மனசு தாங்காது, அவருக்கும் தாங்கவில்லை. வண்டியில் ஏறிய பிறகு வெகுநேரம் பேசாமலே ஓட்டினார். கொடுத்த பொட்டலங்களை எண்ணி ஆண்டறிக்கையில் போடலாம். கொடுக்காமல் விட்ட அண்டாவை எந்த அறிக்கையில் போடுவது? ஆனால் அந்த ராத்திரி யாருக்கும் வாந்தி பேதி வராமல் காத்தது அந்த முடிவுதான்.

நல்ல உணவாகக் கிடைத்தால் பெரும்பாலும் அரசு தலைமை மருத்துவமனை வாசலுக்குத்தான் போகிறது. உள்ளே படுத்திருப்பவருக்கு மருத்துவமனையில் சாப்பாடு உண்டு. கூடவே வந்து வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்பவருக்கு? விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து கையில் பஸ் காசோடு வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பொட்டலத்தை நீட்டும்போது இந்த உணவு வங்கியில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: போட்டோ எடுக்கக் கூடாது. வாங்குகிறவர் முகம் எந்த ஃபோனிலும் பதியக் கூடாது. மளிகைப் பை வாங்கும் குடும்பங்களின் பெயர்கள் தனி நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டை நன்கொடை கொடுக்கிறவர் கேட்டாலும் காட்டுவதில்லை.

அந்த நோட்டை வைத்திருப்பவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பேருந்து நடத்துநர். இன்னொரு நோட்டும் அவரிடம் உண்டு. எந்தத் தேதியில் யார் வந்தார், என்ன வேலை பார்த்தார், உணவு எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, எங்கே போனது, எது திருப்பி அனுப்பப்பட்டது என்று பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். மிச்ச உணவைத் திரட்டிக் கொடுப்பதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு தரநிர்ணய ஆணையம் 2019-இல் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. பதிவேடு வைக்க வேண்டும், கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அந்த விதிமுறை வந்ததை யாரும் அவருக்கு வந்து சொல்லவில்லை. டிக்கெட் கணக்கு எழுதிப் பழகிய கை, தானாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறதே, பிள்ளைகளுக்குச் சத்துணவு இருக்கிறதே, 2022 செப்டம்பர் முதல் காலை உணவும் வந்துவிட்டதே, பிறகு உணவு வங்கி எதற்கு என்று கேட்கலாம். அரசு செய்வது பெரிய வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அட்டையைச் சொந்த ஊரில் வைத்துவிட்டுக் கூலிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அரிசி இருந்தும் எழுந்து ஆக்க முடியாத கிழவிகள் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், முதுநகர் பக்கம் ஐஸ் உடைத்துக் கூடை தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கும் வேலை நின்றுபோகிறது. இந்த இடுக்குகளில் போய் நிற்பவர்கள்தான் நான் சொல்கிற ஆட்கள்.

பேரிடர் வரும்போது அவர்கள் வேலை பல மடங்காகிறது. கடலூருக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல். 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் அரசு முகாம் திறக்கிறது, உணவு தருகிறது. அந்த உணவைக் கடைசித் தெருவின் கடைசி வீடு வரை சேர்ப்பதில் தன்னார்வலர்கள் கை இருக்கிறது. ஃபெஞ்சல் சமயம் விறகெல்லாம் நனைந்துபோய், கீழே தண்ணீர் நின்றதால் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் உப்புமா கிண்டினார்கள். பையன்கள் பொட்டலங்களைக் கட்டைப்பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். எந்தச் சந்தில் படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் மாதா மாதம் அந்த வீட்டுக்கு மளிகைப் பை கொண்டுபோகிறவர்கள் அவர்களே.

இந்த விவரம் நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டாமா? ஐந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஆக்கத் தெரிந்தவர் யார், பெரிய அண்டாவும் பர்னர் அடுப்பும் யாரிடம் இருக்கிறது, எந்த மண்டபத்துக்கு மாடியில் சமையலறை இருக்கிறது என்று ஒவ்வொரு புயலுக்கும் புதிதாக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி, அடையாள அட்டை, காப்பீடு என்று ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. நீரில் இறங்கி ஆளை மீட்பவருக்குக் கொடுப்பதை, அதே நீரில் சோறு சுமந்து போகிறவருக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி உரிமையும் இருக்கிறது. உலகின் முதல் உணவு வங்கி 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடங்கியது என்று சொல்வார்கள். தொடங்கிய ஜான் வான் ஹெங்கல் ஓர் அன்னதானக் கூடத்தில் தன்னார்வலராக வேலை பார்த்தவர். கடைகள் குப்பையில் போடும் நல்ல உணவை எடுத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய் சொன்னதைக் கேட்டுத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1867 மே 23-இல், வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிவிட்டார். பார்வதிபுரம் ஊர்மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில், 21 அடி நீள அடுப்பில் அன்று மூட்டிய நெருப்பு இன்றும் அணையவில்லை. பத்து வருடத்துக்குள் வந்த தாது வருடப் பஞ்சத்தையும் அது கடந்துவந்தது. நிறுவியவரை உலகமே அறியும், நிலம் கொடுத்த ஊரின் பெயரும் நிற்கிறது. ஆனால் 150 ஆண்டுக்கு மேலாக அந்த நெருப்பு அணையவில்லை என்றால், ஒவ்வொரு நாளும் யாரோ விறகு தள்ளியிருக்கிறார்கள், யாரோ சாம்பல் அள்ளியிருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் எங்கும் இல்லை. இந்தக் காலத்திலாவது எழுதி வைப்போம்.

எந்த நாளில் செய்வது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். டிசம்பர் 5-ஐத் தன்னார்வலர் நாளாக ஐ.நா. பொதுச்சபை 1985-இல் அறிவித்திருக்கிறது. கடலூரில் டிசம்பர் முதல் வாரம் என்றால் இவர்கள் மேடைக்கு வர மாட்டார்கள், தண்ணீரில் நிற்பார்கள். வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ஐ நம் அரசே தனிப்பெருங்கருணை நாள் என்று கடைப்பிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னால் வருகிற நாள். வருடா வருடம் அன்றைக்குப் பதிவேட்டைப் புதுப்பித்து, பெயர்களைப் படித்து, அட்டை கொடுத்தால் அந்த மழைக்கே அது பயன்படும்.

பெயர்களை எப்படித் திரட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். விருதுகளுக்கு விண்ணப்பிக்கும் இணையதளம் அரசிடம் இருக்கிறது. ஆனால் முறத்தோடு உட்காருகிற அந்த அக்கா ஒருநாளும் தன்னைப் பற்றித் தானே விண்ணப்பம் எழுத மாட்டார். முதலமைச்சரின் மாநில இளைஞர் விருதுக்கு வயது 35-க்குள் இருக்க வேண்டும், நடத்துநர் ஐயாவுக்கு அந்த வழியும் இல்லை. எனவே விண்ணப்பம் வாங்காதீர்கள். மருத்துவமனைச் செவிலியர், ரேஷன் கடை விற்பனையாளர், மண்டப மேலாளர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரிடம் கேளுங்கள். யார் உண்மையில் வருகிறார், யார் படத்துக்கு மட்டும் வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். வருகை நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். கட்சி, சங்கம், நன்கொடையாளர் சிபாரிசு எதுவும் இதில் நுழைய வேண்டாம். பாத்திரம் தேய்க்கிறவர்களை மறக்காமல் எழுதுங்கள், அவர்கள் பெயர் எப்போதும் கடைசியில் போய், அப்படியே விட்டுப்போகிறது.

அட்டை ஏன் என்றால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அண்டாவோடு போகிற ஆட்டோவை நிறுத்தி விசாரிப்பது இயற்கை. யார், எங்கே போகிறீர்கள், என்ன இது என்று பதில் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது. ஆட்சியர் அலுவலக முத்திரையோடு கழுத்தில் ஓர் அட்டை இருந்தால் அரை நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். வீட்டிலும் அது பேசும். "ஊருக்கு ஆக்கிப் போடப் போறா" என்று குத்திக் காட்டுகிற மாமியார் உள்ள வீடுகளிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள், ஐயா. அவர்கள் கையில் அரசாங்கம் கொடுத்த ஓர் அட்டை இருந்தால், அந்த வீட்டில் அவர்கள் வேலைக்கு ஒரு மரியாதை வரும்.

காப்பீட்டுக்குக் காரணம் கண்ணால் பார்த்தது. கொதிக்கிற சாம்பார் இறக்கும்போது கைப்பிடித் துணி நழுவி ஒரு பெண்ணின் காலில் கொட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துபோயிற்று. மருந்துச் செலவை அவர்களுக்குள்ளேயே வசூல் செய்து பார்த்துக்கொண்டார்கள். அத்தனை நாள் அவருடைய பூ வியாபாரம் நின்றுபோனதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. முகாம் போட்டு வங்கி ஆட்களை வரவழைத்தால் ஒரே நாளில் எல்லாரையும் சேர்த்துவிடலாம். ஆனால் அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், வயதும் 70 வரைதான். தீப்புண்ணுக்கு வைத்தியம் பார்க்க அது உதவாது. அதற்கு ஒரு குழுக் காப்பீடு வேண்டும். நிர்வாகம் முன்னால் நின்றால் பிரீமியம் கட்ட வியாபாரிகள் நாங்கள் இருக்கிறோம். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் செலவாகும் பணத்தை இதில் போடலாம்.

பயிற்சிக்கு வெளியே தேட வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, உணவு கையாள்பவர்களுக்கான பயிற்சியும் சான்றிதழும் நடைமுறையில் இருக்கின்றன. ஓட்டல்காரர்களுக்கு நடத்துவதை உணவு வங்கிக்கே வந்து தமிழில் ஒரு நாள் நடத்தினால் போதும். கையோடு ஒரு வெப்பமானியும் கொடுத்தால், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய ராத்திரியில் அந்தத் தம்பி தன் மூக்கைக் காட்டி வாதாட வேண்டியிருக்காது, 60 என்கிற எண்ணைக் காட்டலாம்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, சேவைக்குப் போய் அங்கீகாரம் கேட்பதா என்று சில பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். அது கொடுக்கிறவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் ஒழுக்கம். நான் அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு அது சாக்கு ஆகாது. அவர்கள் கேட்காமல் இருப்பது அவர்கள் குணம். நாம் சொல்லாமல் இருந்தால் அது நம் குறை.

ஒரு விண்ணப்பம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பெயர் படிக்கும் நாளில் உணவு வாங்குகிற குடும்பங்களை அழைத்து வரிசையில் உட்கார வைக்க வேண்டாம். "இவர்களால் பயனடைந்தவர்கள்" என்று யாரையும் மேடையேற்ற வேண்டாம். அப்படிச் செய்தால் தன்னார்வலர்களே வர மாட்டார்கள் என்று என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

வருகை நோட்டின் நகலைத் தர நடத்துநர் ஐயா சம்மதித்திருக்கிறார், குடும்பங்களின் நோட்டைத் தர மாட்டார். அந்த நகலோடு இந்த மடலையும் வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கிறேன். மாவட்டத்தின் மற்ற ஊர்களில் இதே வேலையைச் செய்கிறவர்களும் தங்கள் நோட்டுகளோடு வருவார்கள் என்று நம்புகிறேன். வரும் அக்டோபர் 5-க்குள் பட்டியல் தயாராக வேண்டும் என்றால் இப்போதே தொடங்கினால்தான் முடியும். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு நான் வந்து உட்காருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர்
கடலூர்